உங்களுக்குத் தெரியுமா? சான் ஹோசேயில் எங்கே சாப்பிடலாம்

கோஸ்டா ரிக்காவுக்குப் போகிறவர்கள் தலைநகர் சான் ஹோசேயில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலையிலேயே எரிமலைக்கும் கடற்கரைக்கும் கிளம்பிவிடுவார்கள். 'ஊரில் சாப்பாடு சுமார்தான்' என்று திரும்பி வந்து சொல்பவர்களும் அவர்கள்தான். நம்ப வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு ஹோட்டல் வாசலைத் தாண்டாமல் சாப்பிட்டவர்கள் சொல்லும் தீர்ப்பு அது. இந்த ஊர் சமைப்பது பகலில். அதுவும் பெயர்ப்பலகை மங்கிப்போன சின்னக் கடைகளில்.

● சான் ஹோசேயில் தெருவுக்குத் தெரு 'சோடா' என்று போர்டு தொங்கும். கோலி சோடா கிடைக்குமென்று நுழைந்துவிடாதீர்கள். குடும்பமாக நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடைக்கு அங்கே அதுதான் பெயர். நான்கைந்து மேஜை, ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் உயரமான ஸ்டூல்கள், பலகைக்கு அந்தப் பக்கம் அடுப்பு. சமைக்கிறவரே பரிமாறுவார், அவரே காசும் வாங்குவார். காலை டிபனும் மதியச் சாப்பாடும்தான் முக்கிய வியாபாரம். நகரின் மையத்தில் பல சோடாக்கள் சாயங்காலமே கதவைச் சாத்திவிடும். ஆகவே ஊர்ச் சாப்பாடு வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்குப் போங்கள்.

● சோடாவில் மதியம் பெரும்பாலானோர் கேட்பது காசாடோ. தட்டில் ஒரு குவியல் சோறு, பக்கத்தில் கறுப்பு பீன்ஸ், முட்டைக்கோஸ் சாலட், நீளவாக்கில் வறுத்த பழுத்த வாழைக்காய், பொடியாக நறுக்கிச் சமைத்த ஒரு காய். இத்தனையும் எப்போதும் உண்டு. வாடிக்கையாளர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கூட மீனா, கோழியா, மாட்டிறைச்சியா, முட்டையா? விலை சாதாரணக் கடையில் சுமார் 3,000 முதல் 4,500 கொலோன் வரை. ஒரு டாலருக்கு ஏறக்குறைய 500 கொலோன் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோஸ்டா ரிக்கா மலிவான நாடு இல்லை. அந்தக் கணக்கில் காசாடோவைவிட நல்ல பேரம் ஊரில் கிடையாது.

● அந்தப் பொடியாக நறுக்கிய காய்க்குப் பெயர் பிக்காடியோ. ஏறக்குறைய நம் பொரியல்தான், தேங்காய் மட்டும் இல்லை. உருளைக்கிழங்கில் செய்வார்கள், பச்சைப் பப்பாளியில் செய்வார்கள், பெரும்பாலும் சயோத்தேயில் செய்வார்கள். சயோத்தே யார் என்கிறீர்களா? நாம் சௌசௌ என்றும் பெங்களூர்க் கத்திரிக்காய் என்றும் கூட்டு வைக்கிற அதே காய்தான். அதன் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். சான் ஹோசேக்குக் கிழக்கே, கார்த்தகோ மாகாணத்து உஹராஸ் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுப் பயிரிட்டு, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை 'ஓயா தே கார்னே' என்ற மாட்டிறைச்சிச் சூப்பிலும் அது மிதக்கும். மரவள்ளி, வாழைக்காய், மக்காச்சோளக் கதிர் எல்லாம் பெரிய பெரிய துண்டுகளாகக் கூடவே கிடக்கும்.

● ஊர்ச் சமையலில் காரம் கிடையாது. மத்திய அமெரிக்கா என்றதும் மெக்சிகோவின் மிளகாயை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் நாள் சப்பென்றுதான் இருக்கும். மேஜை மேல் பாருங்கள்: பல சோடாக்களில் ஒரு கண்ணாடி ஜாடி நிற்கும். உள்ளே வினிகரில் ஊறிய வெங்காயம், கேரட், காலிஃபிளவர், நடுநடுவே மிளகாய். அதுதான் சிலேரா. காசு தனியாகக் கிடையாது. நம் நாக்குக்குப் பிழைக்கும் வழி அந்த ஜாடிதான். அதில் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

● சிலேராவுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டில் இருக்கும்: சல்சா லிசானோ. பழுப்பு நிறம், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் தித்திப்பு, தூக்கலாகச் சீரக வாசனை. 1920இல் லிசானோ குடும்பத்தார் தொடங்கியது. இப்போது யூனிலீவர் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்த நாட்டுக்காரர்கள் அதைத் தங்கள் வீட்டுப் பொருளாகவே நினைக்கிறார்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்புவது காபியும் இந்தப் பாட்டிலும்தான்.

● காலையில் காயோ பிந்தோ. முந்தைய நாள் சோற்றையும் வேகவைத்த கறுப்பு பீன்ஸையும் வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லி போட்டு வதக்கி, லிசானோவை ஊற்றிப் புரட்டி இறக்குவார்கள். பீன்ஸ் வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி சேர்த்தால்தான் சோறு புள்ளி புள்ளியாக நிறம் பிடிக்கும். பக்கத்தில் முட்டை, வறுத்த வாழைப்பழம், மக்காச்சோள டார்ட்டியா, 'நத்தீயா' என்கிற புளித்த கிரீம். இது யாருடைய உணவு என்பதில் பக்கத்து நாடான நிகராகுவாவோடு தீராத வழக்கு. நிகராகுவாக்காரர்கள் சிவப்பு பீன்ஸ் போடுவார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே சண்டை. 2003இலிருந்து இரு நாடுகளும் ராட்சத அண்டாவில் போட்டி போட்டுக்கொண்டு உலகச் சாதனைக்குச் சமைத்துத் தள்ளின.

● சான் ஹோசேயில் மெக்டொனால்ட்ஸ் திறந்தது 1970 டிசம்பரில். அமெரிக்காவுக்கு வெளியே அந்தக் கம்பெனி கால்வைத்த முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் ஜெயித்தது யார்? அங்கே காலையில் 'மெக்பிந்தோ' என்று சோறும் பீன்ஸும்தான் விற்கிறார்கள்.

● சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பதே ஒரு சாமர்த்தியம். தெருவுக்குப் பெயரும் எண்ணும் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. 'தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் தெற்கே, 50 மீட்டர் கிழக்கே' என்பதுதான் முகவரி. 100 மீட்டர் என்றால் டேப் வைத்து அளக்கக்கூடாது. ஒரு தெருச் சதுரம் என்று அர்த்தம். அடையாளம் இருந்தால்கூடப் பரவாயில்லை. பல்கலைக்கழகப் பகுதியான சான் பெட்ரோவில் 'பழைய அத்திமரத்திலிருந்து' என்று வழி சொல்வார்கள். அந்த மரம் வெட்டப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. நகரின் ஒரு பெரிய பஸ் நிலையத்துக்குப் பெயர் 'கோகோ கோலா'. எப்போதோ அங்கே பாட்டிலில் அடைக்கும் ஆலை இருந்ததாம். 2012 வாக்கில் நகராட்சி மூலைக்கு மூலை பெயர்ப்பலகை நட்டது. நட்டதோடு சரி.

● உங்களுக்குத் தெரியுமா? கோஸ்டா ரிக்காவில் டிப்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது. 1972இல் வந்த சட்டப்படி மேஜையில் பரிமாறினால் பில்லில் 10 சதவீதம் பரிமாறுபவருக்கு. அதற்கு மேல் 13 சதவீத வரி. ஆக 23. மெனுவில் போட்டிருக்கும் விலை இந்த இரண்டையும் சேர்த்த விலையாகவே இருக்க வேண்டும் என்பதும் விதி. சாப்பிட்டு முடித்தபின் பர்ஸை எடுத்துக்கொண்டு 'எவ்வளவு வைப்பது' என்று சங்கடப்படும் வேலை இல்லை. கூடுதலாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்; கொடுக்காவிட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். இவ்வளவு நாகரிகமான ஏற்பாட்டை மற்ற ஊர்க்காரர்கள் ஏன் காப்பி அடிக்கவில்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

● ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மெர்க்காடோ சென்ட்ராலுக்குப் போங்கள். 1880இல் தொடங்கிய மத்தியச் சந்தை. ஒரு முழுத் தெருச் சதுரம், 200க்கும் அதிகமான கடைகள், உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். ஒரு பக்கம் மூலிகைக் கட்டுகள், செருப்பு, குதிரைச் சேணம். திரும்பினால் மீன் கடை. அதற்கு அடுத்தாற்போல் சோடாக்கள் வரிசையாக. எந்தச் சோடாவில் உட்காருவது என்று கேட்டால் என் பதில்: சந்தையில் மூட்டை தூக்குபவர்களும் பக்கத்து ஆபீஸ்காரர்களும் ஸ்டூலுக்காக நின்றுகொண்டிருக்கும் கடையில். காலியாக இருக்கும் கடைக்காரர்தான் கையைப் பிடித்து இழுப்பார். மீன் பக்கம் போனால் செவிச்சே கிடைக்கும்: எலுமிச்சைச் சாற்றிலேயே பதமான பச்சை மீன், வெங்காயம், கொத்தமல்லி, தொட்டுக்கொள்ள உப்பு பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு விடுமுறை. தெரியாமல் போய் இரும்புக் கதவைப் பார்த்துவிட்டு வரும் வெளியூர்க்காரர்கள் வாராவாரம் உண்டு.

● அதே சந்தைக்குள் 1901இலிருந்து ஓர் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது: லா சோர்பெத்தேரா தே லோலோ மோரா. நூறு வருடத்துக்கு மேல் தொழில். விற்பது ஒரே ஒரு ருசி. 'என்னென்ன ஃப்ளேவர் இருக்கு?' என்று கேட்பவரைக் கடைக்காரர்கள் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். பால், முட்டை, பட்டை, இன்னும் சில மசாலா. வெளிர் மஞ்சள் நிறம். கடையில் வாங்கும் ஐஸ்கிரீமின் வழவழப்பு இதில் இல்லை. நாக்கில் பனித்துகள் நெருநெருக்கும், பிறகு பட்டை வாசனை மூக்கில் ஏறும். கிண்ணத்தில் அடியில் சிவப்பு ஜெல்லி போட்டு மேலே இதை வைத்துத் தரச் சொல்லுங்கள். பழச் சாலட்டோடும் தருவார்கள். பட்டியலில் நாற்பது ருசி வைத்திருக்கும் கடைகளுக்கு இந்தத் தைரியம் வராது.

● சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். சான் ஹோசே நகர மையத்தில் 'விஷ்ணு' என்ற பெயரில் சைவச் சோடா பல வருடங்களாகப் பிரசித்தம். பெயரைப் பார்த்து இட்லி சாம்பார் எதிர்பார்க்காதீர்கள். சோயா பர்கர், பழச் சாலட், தயிரும் கிரானோலாவும், சாண்ட்விச் என்று முழுக்க உள்ளூர்க் கடை. மற்ற இடங்களில் 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. மாட்டிறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொண்டு கோழியோ ஹாமோ வைத்துவிடுவார்கள். கோழி, மீன், ஹாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். கொஞ்சம் மசாலா மணம் தேவைப்பட்டால் மையத்தில் டின் ஜோ என்ற பழைய ஆசிய உணவகம் இருக்கிறது. சீனம், தாய்லாந்து, இந்தியா மூன்றும் ஒரே மெனுவில்.

● காபிக்குத் தேசிய நாடக அரங்குக்குப் போங்கள். 1897இல் திறந்தது, காபி ஏற்றுமதிக்குப் போட்ட வரியில் தொடங்கிய கட்டடம். உள்ளேயே ஒரு காபிக் கடை இருக்கிறது. பளிங்கு மேஜையில் உட்கார்ந்து குடிக்கலாம். குடித்துவிட்டு மாடிப்படிக்கு மேலே கூரையைப் பாருங்கள். இத்தாலிய ஓவியர் அலெயார்தோ வில்லா வரைந்த காபி அறுவடைக் காட்சி. கடற்கரையில் காபி பறித்துக்கொண்டிருக்கிறார்கள்! காபி மலைப்பயிர் என்பது நமக்கே தெரியும். நடுவில் ஒருவர் வாழைத்தாரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஓவியர் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை என்று சொல்வார்கள்; படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. இத்தனை தப்போடு அந்தப் படம் பிற்காலத்தில் 5 கொலோன் நோட்டில் ஏறியது.

● காபி விஷயத்தில் இன்னொன்று. 1989இலிருந்து 2018 வரை கோஸ்டா ரிக்காவில் ரோபஸ்டா பயிரிடவே தடை. அரபிகா மட்டும்தான். ஆனாலும் வெகுகாலம் நல்ல கொட்டை எல்லாம் கப்பலேறிவிட, ஊர்க்காரர்கள் குடித்தது சர்க்கரை சேர்த்து வறுத்த மட்டமான தூள். நல்ல காபியை அதை விளைவித்த ஊரிலேயே குடிக்கலாம் என்ற நிலை இந்த நூற்றாண்டில்தான் வந்தது. பழைய முறையில் போடும் கடைகளில் 'சொரேயாதோர்' கேளுங்கள். சின்ன மரச் சட்டம், அதன் வளையத்தில் தொங்கும் துணிப்பை, கீழே கப். பையில் தூளைப் போட்டு மேலே வெந்நீரை மெல்ல ஊற்றுவார்கள். துணி ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் குழி விழுந்து, நூலாய் இறங்கும். வாடிக்கையாளரின் மேஜையிலேயே செய்து தருவார்கள். டிகாக்‌ஷன் இறங்கும்வரை பொறுக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

● காபி பிடிக்காதவர்கள் 'அகுவா துல்சே' கேட்கலாம். கரும்பு வெல்லத்தை வெந்நீரில் கரைத்தது, அவ்வளவுதான். வெல்லம் கூம்பு வடிவ அச்சில் வரும். சிலர் பாலில் கரைத்துக் குடிப்பார்கள். குளிர்ந்த பானம் என்றால் காஸ் என்ற புளிப்புக் கொய்யாச் சாறு. மற்றப் பழச்சாறுகளுக்கு 'தண்ணீரிலா, பாலிலா?' என்று ஒரு கேள்வி வரும். புளிப்புப் பழம் என்றால் தண்ணீர், வாழை, பப்பாளி என்றால் பால். சான் ஹோசேயில் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். ஐஸுக்குப் பயப்பட வேண்டாம்.

● நடைபாதையில்: உப்பும் எலுமிச்சையும் பிழிந்த பச்சை மாங்காய் கீற்றுகள் பிளாஸ்டிக் பையில். குளிரவைத்த இளநீர். ரம்புட்டான் பருவத்தில் சிவப்புக் குவியல்கள். பெஹிபாயே என்ற பனை இனத்துக் காய் மட்டும் புதிதாக இருக்கும்: உப்புத் தண்ணீரில் வேகவைத்து, இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டு, குழியில் மயோனைஸ் வைத்துத் தருவார்கள். மாவாக, கொஞ்சம் வறட்சியாக இருக்கும். எனக்கு மயோனைஸ் இல்லாமலே பிடிக்கிறது.

● சோடா மெனுவில் 'அர்ரோஸ் காந்தோனேஸ்' இல்லாவிட்டால் ஆச்சரியம். கான்டன் ஃப்ரைடு ரைஸ்தான். 19ஆம் நூற்றாண்டில் ரயில்பாதை போட வந்த சீனர்கள் கொண்டுவந்த ருசி, இப்போது கோஸ்டா ரிக்கா வீட்டுச் சமையல். 2012இல் நகராட்சி அலங்கார வளைவு வைத்து ஒரு சீனத்தெருவும் திறந்தது. அதே ரயில்பாதைக்கு ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள் கரீபியன் கடற்கரையான லிமோனில் தங்கிவிட்டார்கள். அவர்கள் சோறும் பீன்ஸும் தேங்காய்ப் பாலில் வேகும். தைம் இலையும் ஒரு முழு மிளகாயும் உடையாமல் கூடவே வேகும். சான் ஹோசேயில் லிமோன்காரர்கள் நடத்தும் கடை கண்ணில் பட்டால் காசாடோவை ஒரு வேளைக்குத் தள்ளிவைக்கலாம். இந்த நாட்டில் நமக்கு மிக நெருங்கிய ருசி அதுதான்.

● ஞாயிற்றுக்கிழமை லா மெர்செத் பூங்காவில் நிகராகுவாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கூடுவார்கள். பீன்ஸ் சண்டையெல்லாம் பேச்சில்தான். சுற்றுப்புறத்தில் அவர்கள் ஊர் வறுவல்களுக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

● ஒரு சாப்பாட்டுப் பெயருக்காக வழக்கு நடந்தது தெரியுமா? சிஃப்ரிஹோ என்பது மதுக்கடைத் தீனி: கிண்ணத்தின் அடியில் சோறு, மேலே பீன்ஸ், அதன் மேல் மொறுமொறுவென்று வறுத்த பன்றி இறைச்சி, தக்காளி வெங்காயத் துண்டுகள், சுற்றிலும் டார்ட்டியா சிப்ஸ். தலைநகரை ஒட்டிய திபாஸில் ஒரு மதுக்கடைக்காரர் உருவாக்கியது. ஊர் முழுக்கப் பரவி, தேசிய உணவு மாதிரி ஆனபிறகு, பெயர் தன் பதிவுபெற்ற வர்த்தகச் சின்னம் என்று 2014இல் பல உணவகங்கள்மேல் அவர் வழக்குப் போட்டார். பயந்துபோன சில கடைகள் எழுத்தை முன்பின்னாகப் புரட்டி 'ஃப்ரிச்சிஹோ' என்று மெனுவில் அச்சடித்தன. தட்டில் வந்தது என்னவோ அதேதான்.

● கோஸ்டா ரிக்காக்காரர்கள் பீரில் ஐஸ் கட்டி போட்டுக் குடிப்பார்கள். ஜெர்மன்காரர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி.

● பணம் செலவழிக்கத் தயார் என்பவர்களுக்குப் பாரியோ எஸ்கலாந்தே. பழைய பணக்கார வீடுகள் உணவகங்களாக மாறிய பகுதி. 33ஆம் தெருவில் நடந்தாலே மூக்கு வழி காட்டும். பல இடங்களில் அழகும் விலையும் ஐரோப்பாவுடையது. அதற்காகச் சான் ஹோசேவரை போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. விலக்கு, சிக்வா. பிரிபிரி முதலான பூர்வகுடிகளின் சமையலைக் கற்று, அவர்களுடைய சோள வகைகளும் கிழங்குகளும் கொண்டு சமைக்கும் இடம். சோடாவிலும் கிடைக்காத சாப்பாடு அது. சனிக்கிழமை காலை என்றால் அரன்ஹுவேஸ் பகுதியில் ஃபெரியா வெர்தே என்ற இயற்கை விளைபொருள் சந்தை கூடும். பசியோடு போங்கள், மதியத்துக்குள் முடிந்துவிடும்.

● டிசம்பரில் உணவகத்தைவிட வீடுதான் நல்ல இடம். அந்த மாதம் தமால் மாதம். மக்காச்சோள மாவுக்குள் பன்றி இறைச்சி, சோறு, காய் வைத்து வாழை இலையில் மடித்து, இரண்டிரண்டாக நூலால் கட்டி, பெரிய பானையில் வேகவைப்பார்கள். குடும்பமே உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் கட்டும். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தட்டாமல் போய்விடுங்கள். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் பீன்ஸ் வைத்ததைத் தேடித் தருவார்கள்.

● ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மட்டும் கவனம். வியாழன், வெள்ளி இரு நாட்களிலும் பெரும்பாலான சோடாக்கள் மூடிக் கிடக்கும், பஸ்ஸும் குறையும். முன்பு நாடு முழுக்க மது விற்பனைக்கும் தடை இருந்தது; 2012இலிருந்து அதை அந்தந்த நகராட்சியே முடிவு செய்கிறது. அந்த வாரத்துக்கென்றே ஒரு பலகாரம் உண்டு: சிவேர்ரே என்ற பெரிய பூசணி வகையை வெல்லத்தில் கிளறி, மாவுக்குள் வைத்துச் சுட்டது. புதன்கிழமைக்குள் வாங்கி அறையில் வைத்துக்கொண்டால் இரண்டு நாள் பசியாற்றும்.